மாப்பிள்ளை கழற்றிய வால்வு

மலையாளத் தலைநகரின் பழைய தமிழ்த் தெருவான வலியசாலையில் இருப்பவர்களுக்கு மாசி மாதத்தில் புகை ஒன்றும் புதிதல்ல. ஆற்றுகால் பொங்காலையன்று பெண்கள் அம்மனுக்குப் பொங்கல் வைக்கத் தெருமுனை வரை அடுப்பு மூட்டுவார்கள். கண் எரியும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பொங்காலை முடிந்து பத்து நாளாகியும் தினம் காலை ஒன்பதரை மணிக்கு ஒரு கரும்புகை எழுந்து, வாலாம்பாள் வாசலில் கட்டில் போட்டுக் காயவைத்திருந்த அரிசி வடாமின் மேல் படிந்தது. பொங்காலைப் புகையை அம்மனுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம், எதிர்வீட்டுப் பத்மஜாவின் காருக்காக எதற்குப் பொறுக்க வேண்டும் என்று வாலாம்பாள் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பத்மஜாவுக்கு ஐம்பத்துமூன்று வயது. பாளையத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. அந்தச் சாம்பல் நிற டீசல் காரைப் பதினோரு வருஷமாக அவளே ஓட்டிக்கொண்டு போய் அவளே ஓட்டிக்கொண்டு வருகிறாள். கணவர் ராமசுப்ரமணியன் கல்லூரி நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

இரண்டு மாதமாகவே வண்டி சரியில்லை. சிக்னலில் நின்றால் குளிர்க்காய்ச்சல் கண்ட மாதிரி நடுங்கியது. ஏற்றத்தில் மிதித்தால் சத்தம் மட்டும் வந்தது, வேகம் வரவில்லை. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். ஒரு நாள் ஸ்டியரிங்குக்கு முன்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அப்புறம் அணையவே இல்லை.

பைபாஸ் பக்கத்துப் பெரிய சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, ஈ.ஜி.ஆர். வால்வு கரியால் அடைத்துவிட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும், சாமான் வர மூன்று வாரமாகும் என்றார்கள். வண்டிக்கும் வயசாகிவிட்டதே, புதிசு ஒன்று பார்க்கலாமே என்று அங்கிருந்த பெண் மெதுவாகச் சொன்னாள். பத்மஜா சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்று வாரம் தாங்காது. வருகிற வியாழக்கிழமை அஜிதாவின் கல்யாணம்.

அஜிதா அலுவலகத்தில் பக்கத்து மேஜை. கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிற வேலை. பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்களின் மகள். நகரத்தில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். நாலு வருஷமாக மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாகத்தான். கல்யாணம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எஸ்டேட் லயத்தை ஒட்டிய அம்மன் கோயிலில். மாலை இரண்டும் என் பொறுப்பு, அன்று காலையில் பழவங்காடிப் பூக்கடையில் கட்டி வாங்கி வாடாமல் என் காரிலேயே கொண்டு வந்து தருவேன் என்று பத்மஜா எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாள். பொன்முடிக்கு பஸ் என்றால் நாளைக்கு நாலைந்துதான். நம்பி ஏற முடியாது. டாக்ஸி பிடித்துக்கொள்ளலாமே என்றார் ராமசுப்ரமணியன். நம்ம வண்டியில் வருகிறேன் என்று சொன்னது சொன்னதுதான் என்றாள் பத்மஜா. ஆனால் அந்த வண்டி ஓவர்பிரிட்ஜ் ஏற்றத்தையே ஏற மறுத்தது. பொன்முடிக்கு இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அவள் இதைச் சொன்னதும் அஜிதா சிரித்தாள்.

“மேடம், என்னைக் கட்டப்போறவரு வண்டி மெக்கானிக்காக்கும். மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. கல்யாண வாரத்தில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு வேலை சொல்வது எப்படி என்றுதான் பத்மஜா கூசினாள். அஜிதா கூசவில்லை. அங்கேயே போன் போட்டு இரண்டு நிமிஷம் பேசி, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவார் என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைத் தொடர்ந்தாள்.

தங்கபாண்டி எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஸ்கூட்டரில் வந்துவிட்டான். நாங்குநேரிப் பக்கத்துக்காரன். முப்பத்தொரு வயது. கிள்ளிப்பாலத்தில் சொந்தமாக ஒரு ஷெட் வைத்திருந்தான். கூட வேலை பார்க்கிற ஆள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஊருக்குப் போயிருந்ததால் தனியாக வந்தான். போனட்டைத் தூக்கினான், ஆனால் எதையும் தொடவில்லை. வண்டி தினமும் எங்கே போகும் என்று கேட்டான். ஆபீஸுக்கு. எவ்வளவு தூரம்? மூன்று கிலோமீட்டர். அப்புறம்? திரும்பி வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை? கழுவுவேன் என்றாள் பத்மஜா. நெடுந்தூரம் எப்போதாவது? ஆறு வருஷத்துக்கு முன்னால் சுசீந்திரம்.

“வண்டி மேல குத்தமில்ல மேடம். இது நல்லா சூடாகதுக்குள்ள நீங்க ஆபீஸ் போய்ச் சேந்துருதீங்க. பதினோரு வருசத்துல இதுக்கு ஒழுங்கா ஒரு ஓட்டம் கெடைக்கல, பாத்துக்கிடுங்க.”

பிறகு அவன் விளக்கினான். டீசல் இன்ஜின் தான் விடுகிற புகையில் கொஞ்சத்தைத் தானே திரும்பக் குடிக்கும். அப்போதுதான் உள்ளே எரிகிற சூடு மட்டுப்பட்டு, வெளியே போகிற விஷம் குறையும். எவ்வளவு குடிக்கலாம் என்று திறந்து மூடுகிற கதவுதான் இந்த வால்வு. வண்டி சூடேறி ஓடினால் கரி ஓரளவு எரிந்து போய்விடும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் புகைக் கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து பிசினாகிக் கதவையே ஒட்டிவிடும். மூடாத கதவு வழியாகப் புகை சதா உள்ளே போனால் இன்ஜினுக்குக் காற்று ஏது? காற்றில்லாவிட்டால் இழுவை ஏது? பத்மஜாவுக்குச் சட்டென்று புரிந்தது. இத்தனை நாள் யாரும் இப்படிச் சொல்லவில்லை.

பேட்டரி இணைப்பைக் கழற்றினான். காற்றுக் குழாயை எடுத்தான். வால்வைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் இரண்டு உடனே வந்தன. மூன்றாவது அசையவில்லை. எண்ணெய் தெளித்துவிட்டுக் காத்திருந்தான். ராமசுப்ரமணியன் காபி கொண்டு வந்தார். காபி முடிந்தும் அது வரவில்லை. மறுபடி தெளித்து, ஸ்பேனரை மாட்டி, பத்மஜாவைப் பார்த்து, இதை இப்படியே ஆடாமல் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான். அவள் புடவையைச் செருகிக்கொண்டு பிடித்தாள். அவன் சுத்தியலால் லேசாக நாலு தட்டுத் தட்டினான். உள்ளே எங்கோ ‘டக்’ என்றது. போல்ட் திரும்பியது. பத்மஜாவின் உள்ளங்கையில்தான் முதலில் தெரிந்தது அது. அவள் சிரித்துவிட்டாள்.

வால்வு வெளியே வந்தபோது தெருவில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு விரல் நுழைய வேண்டிய வாய், பென்சில் நுழையாத அளவுக்கு அடைந்திருந்தது. கறுப்பாக, பளபளவென்று, கெட்டியாக.

“தீபாவளி லேகியம் மாதிரின்னா இருக்கு,” என்றார் ராமசுப்ரமணியன்.

வால்வு மட்டும் போதாது, அது போய்ச் சேருகிற குழாயையும் கழற்ற வேண்டும் என்றான் தங்கபாண்டி. இரண்டு ஆள் வேலை. பத்மஜா கேட்காமலே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் அவளுக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றும் மூங்கில் குச்சி ஒன்றும் கொடுத்தான். இரும்பு படக் கூடாது, அலுமினியம் கீறிவிடும். வால்வை இயக்குகிற மோட்டார் இருக்கிற பக்கம், கரி கரைக்கிற மருந்து ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. இந்த இரண்டும்தான் விதி. மற்றபடி எவ்வளவு வேண்டுமானாலும் சுரண்டலாம்.

சுரண்டினாள். மருந்தைத் தெளித்தால் கரி நுரைத்து இளகும். குச்சியால் வழித்தால் பாளம் பாளமாகப் பழைய செய்தித்தாளில் விழும். பிரஷால் தேய்த்துத் துடைத்தால் அடியில் வெள்ளையாக உலோகம் தெரியும். அந்த வெள்ளையை முதலில் பார்த்தபோது அவளுக்கு உண்டான சந்தோஷத்தை அவளால் யாரிடமும் சொல்ல முடியாது. இருபத்தெட்டு வருஷமாக அவள் பார்த்த வேலை கோப்புகளில். ஒரு கோப்பு முடிந்து போனால் அது எங்கே போயிற்று, யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்ததில்லை. இங்கே அழுக்கு அவள் கண்ணெதிரே போயிற்று. மூலையில் ஒட்டியிருந்த கடைசித் துணுக்கை எடுக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். போதும் மேடம் என்று அவன் இரண்டு தடவை சொன்னான். இல்லை, இன்னும் இருக்கிறது என்றாள்.

நடுவில் பேச்சு கல்யாணத்துக்குப் போயிற்று. அஜிதாவை முதலில் எங்கே பார்த்தாய் என்று பத்மஜா கேட்டாள். ஹாஸ்டல் வார்டனின் ஸ்கூட்டரைச் சரி பண்ணப் போனபோது என்றான். ஸ்கூட்டருக்கு என்ன கோளாறு? கோளாறு ஒன்றுமில்லை, பெட்ரோல் தீர்ந்திருந்தது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். ராமசுப்ரமணியன் வாய்விட்டுச் சிரித்தார்.

மத்தியானம் ஒரு மணிக்குப் இணைப்புகளுக்கு நடுவில் புதுக் கேஸ்கட் வைத்து எல்லாவற்றையும் பூட்டினான். வால்வின் கதவு விரலால் தள்ளினால் உள்ளே போய்த் தானே திரும்பி வந்தது. கையடக்கமான ஸ்கேனரைச் செருகிப் பழைய கோளாற்றுக் குறிப்பை அழித்தான். பத்மஜா சாவியைத் திருப்பினாள்.

முதலில் வந்த புகையில் தெருவே இருண்டது. வாலாம்பாள் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. மிதியுங்கள், விடாமல் மிதியுங்கள், உள்ளே உதிர்ந்தது வெளியே வரட்டும் என்றான் தங்கபாண்டி. அரை நிமிஷம். ஒரு நிமிஷம். புகை கறுப்பிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து ஒன்றுமே இல்லாமல் போயிற்று. நடுக்கம் நின்றிருந்தது, மஞ்சள் விளக்கும் அணைந்திருந்தது. வண்டி ஓடுகிறதா இல்லையா என்று பத்மஜா மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். ராமசுப்ரமணியன் தன் தோளிலிருந்த வெள்ளைத் துண்டைக் கொண்டுபோய்ப் புகைக் குழாயின் முன்னால் பிடித்தார். அதை எடுத்து எல்லோருக்கும் விரித்துக் காட்டினார். லேசாக ஒரு சாம்பல் வட்டம், அவ்வளவுதான்.

எதிர்வீட்டு ஜன்னல் மறுபடி திறந்தது. கொஞ்ச நேரத்தில் வாலாம்பாள் ஒரு தட்டு நிறையப் பொரித்த வடாம் கொண்டுவந்து மாப்பிள்ளையிடம் நீட்டினாள். இது கரி படாத ஈடு, தைரியமாகச் சாப்பிடு என்றாள்.

போகும்போது தங்கபாண்டி ஒன்று சொன்னான். சுத்தம் பண்ணியது பாதி வேலைதான். இனி வண்டிக்கு ஒரு நீண்ட ஏற்றம் வேண்டும்; நல்ல சூட்டில் இழுத்து ஓடினால் மிச்சம் மீதியும் போய்விடும். “வியாழக்கிழமை பொன்முடி ஏறுதீங்கள்லா? அதான் இதுக்கு மருந்து.”

பத்மஜா தலையாட்டினாள். மலைப்பாதையில் தான் ஒரு நாளும் ஓட்டியதில்லை என்பதை அவள் அவனிடம் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு மட்டும் ஒரு டிரைவரை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். கை நகத்தில் ஏறியிருந்த கரியைத் தேய்த்துக்கொண்டே, டிரைவர் வேண்டாம் என்று அன்று ராத்திரி சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள். அவர் மோர்சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

வியாழக்கிழமை ஆறரை மணிக்குப் பழவங்காடியில் மாலைகள் தயாராக இருந்தன. ரோஜாவும் சம்பங்கியும், நடுவில் மரிக்கொழுந்து. அங்கேயே கோயிலில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பினார்கள். நெடுமங்காடு தாண்டியதுமே வண்டி வேறு மாதிரி ஓடுவது தெரிந்தது. மிதித்தால் போயிற்று, அவ்வளவு சாதாரணமான விஷயம், ஆனால் பத்மஜா அதை மறந்தே போயிருந்தாள். விதுரை தாண்டி, கல்லாறு தாண்டி, முதல் வளைவு வந்தது. ராமசுப்ரமணியன் மேலே இருந்த பிடியைப் பற்றிக்கொண்டு விஷ்ணு சகஸ்ரநாமம் ஆரம்பித்தார். வளைவுக்கு வளைவு அவர் குரல் ஏறியதே தவிர, வண்டி தயங்கவில்லை.

ஒன்பதாம் வளைவில் ஒரு வேன் ஓரமாக நின்றது. பாறைச் சுவரை ஒட்டி வரிசையாகப் பட்டுப் புடவைகள், கையில் சீர்த் தட்டுகள். போனட் திறந்திருந்தது. அதற்குள் தலையை விடப் போன பட்டு வேட்டி மாப்பிள்ளையை அவன் அம்மா உச்சிமாகாளி மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

பத்மஜா வண்டியை நிறுத்தி இறங்கினாள். மாப்பிள்ளை வீட்டார் பதினான்கு பேர். இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகிற ரப்பர் குழாய் பிளந்துவிட்டது. மாற்றுக் குழாய் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று வேன் டிரைவர் ஜெயகுமார் சொன்னார். போனில் சிக்னல் இல்லை. எஸ்டேட் ஜீப் சமையல் பாத்திரம் ஏற்ற விதுரைக்குப் போயிருந்தது. அடுத்த பஸ் பதினொன்றுக்கு மேல். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை. அப்போது மணி ஒன்பதரை.

“துணி வச்சிக் கட்டிப் பாக்கேன்னு சொன்னா விடமாட்டேங்கா மேடம்,” என்றான் தங்கபாண்டி.

“காப்புக் கட்டுன கையில கிரீஸத் தொடுவியால? நீங்களே சொல்லுங்க தாயி,” என்றாள் உச்சிமாகாளி.

பத்மஜா இருவரையும் பார்த்தாள். மேலே போகிற பாதையைப் பார்த்தாள். பிறகு கணவரைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவரே கதவைத் திறந்து இறங்கிவிட்டிருந்தார்.

“எனக்கு ஒரு எடம் வேஸ்ட் பண்ண வேண்டாம். நான் இவாளோட இங்கே இருக்கேன். நீ மாப்பிள்ளையை ஏத்திண்டு போ,” என்றார்.

முதல் நடையில் மாப்பிள்ளை, அம்மா, அக்கா, தாலித் தட்டோடு சித்தி. பின்சீட்டில் மூன்று பேர் மடியிலும் மாலைக் கூடையும் தேங்காய்ப் பையும். இவ்வளவு பாரத்தை இந்த வண்டி சமதரையிலேயே சுமந்ததில்லை. பன்னிரண்டாம் வளைவில் பத்மஜா கியர் மாற்றத் தாமதித்துவிட்டாள். வண்டி உதறிவிட்டு நின்றது. மெல்லப் பின்னால் நகர்ந்தது. சித்தி முருகா என்றாள். பத்மஜா கைப்பிரேக்கை இழுத்தாள்.

தங்கபாண்டி அவள் பக்கம் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே பேசினான். “ஒண்ணும் அவசரமில்ல. ஒண்ணாம் கியர் போடுங்க. கொஞ்சம் மிதிச்சிக்கிட்டு பிரேக்க விடுங்க. இழுக்கும் மேடம், நாம தொடச்ச வண்டில்லா.”

அவள் வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து ஒன்றாம் கியரைப் போட்டாள். மிதித்தாள். பிரேக்கை விட்டாள். வண்டி ஒரு விரல்கடைகூடப் பின்னால் போகாமல், முதுகில் கை வைத்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி, வளைவைச் சுற்றி மேலே ஏறியது. அதற்குப் பிறகு அவள் தாமதிக்கவே இல்லை. தங்கபாண்டி சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு புன்னகைத்தான். இப்பவே பொண்டாட்டி நெனப்பைப் பாரு என்று பின்னாலிருந்து அக்கா கேலி செய்தாள். அவன் இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது பத்மஜாவுக்கு மட்டும் தெரியும். அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாம் வளைவு தாண்டி எஸ்டேட் பாதை பிரிந்தது. லயத்து வாசலில் மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, கொட்டு முழங்குவதற்குள் பத்மஜா வண்டியைத் திருப்பிவிட்டாள். இறங்கும்போது பிரேக்கையே நம்பாதீர்கள், ஏறின கியரிலேயே இறங்குங்கள் என்று ஆரத்தித் தட்டுக்குப் பின்னாலிருந்து தங்கபாண்டி சத்தமாகச் சொன்னான்.

இரண்டாம் நடையில் ஐந்து பேர். மூன்றாம் நடைக்கு அவள் இறங்கி வந்தபோது ராமசுப்ரமணியன் பாறைச் சுவரில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் தாய்மாமன்களுக்குப் பொன்முடி என்ற பெயர் எப்படி வந்தது என்று மூன்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் நாலாவது ஒன்று சொன்னார்கள். ஜெயகுமார் மட்டும் வேனுக்குக் காவலாக நின்றுகொண்டார். மிச்சம் ஐந்து பேரும் ராமசுப்ரமணியனுமாக ஆறு பேர் எப்படியோ திணிந்து ஏறினார்கள். ஒரு மாமா பாதி ராமசுப்ரமணியனின் மடியில். இந்தத் தடவை சகஸ்ரநாமம் இல்லை. மூச்சு விட இடமிருந்தால்தானே.

கோயிலில் அவர்கள் நுழைந்தபோது பத்து ஐம்பத்தைந்து. மாமன்கள் வந்துவிட்டார்களா என்று பூசாரி கேட்டார். வந்துவிட்டார்கள் என்று லயமே சேர்ந்து பதில் சொன்னது. மரிக்கொழுந்து வாசம் வாடாத மாலைகளை மாற்றிக்கொண்டார்கள். தாலி கட்டும்போது தங்கபாண்டியின் நகக்கண்களில் கறுப்புக் கோடு தெரிந்தது. மூன்று நாள் மஞ்சள் தேய்த்தும் போகவில்லை என்று பெண்கள் சிரித்தார்கள். பத்மஜா தன் விரல்களையும் நீட்டிக் காட்டினாள். அஜிதா தலை குனிந்திருக்க வேண்டியதை மறந்து அவற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சாப்பாடு முடிய இரண்டு மணியாயிற்று. வேனுக்குக் குழாய் வர மாலையாகும் என்பதால், பெண் மாப்பிள்ளையைக் கீழே கொண்டுபோகிற பொறுப்பும் பத்மஜாவுக்கே வந்தது. கிளம்பும் முன் அஜிதா ஒன்று கேட்டாள். இன்னும் நாலு வளைவு ஏறினால் உச்சி. இவ்வளவு தூரம் வந்துவிட்டு மேடம் அதைப் பார்க்காமல் போகலாமா?

ஏறினார்கள். உச்சியில் காற்று புடவைத் தலைப்பைப் பிடுங்கியது. கீழே பனி விலகி விலகி மூடியது. அஜிதா பட்டுப் புடவையோடு புல்மேட்டில் ஓடி, தான் படித்த பள்ளிக்கூடத்தின் கூரையைத் தங்கபாண்டிக்குக் காட்டினாள். பத்மஜா வண்டியில் சாய்ந்து நின்றாள். போனட் கதகதப்பாக இருந்தது.

“திங்கக்கெழமைலேர்ந்து நான் ஆபீஸுக்கு நடந்து போயிடப்போறேன், கேட்டேளா? மூணு கிலோமீட்டர்தானே. வண்டியை ஞாயித்துக்கெழமை மட்டும் எடுத்தாப் போறும்,” என்றாள் கணவரிடம்.

“ஞாயித்துக்கெழமை எங்கே?”

“எங்கேயாவது தூரமா.”

ராமசுப்ரமணியன், குற்றாலம் போய் வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்கத் தங்கபாண்டியைத் தேடிப் புல்மேட்டில் ஏறினார்.